ஆடையில்லாத சுய உருவப்படத்தில் தொப்பிக்கு என்ன வேலை?

கண்ணாடித்தகடு:

வணக்கம். நிர்வாண சுய உருவப்படம் பற்றிப் பேச்சு எடுத்தாலே அது இரண்டு பக்கமாகத்தான் போகிறது. ஒரு பக்கம் துணிச்சல், மறுபக்கம் ஆபாசம். அந்தப் படங்களில் இருக்கும் சிரிப்பைப் பற்றிப் பேச ஆளே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

இந்த வகைக்கே மூத்த படத்திலிருந்து தொடங்குகிறேன். பிரான்சில் நிதி அமைச்சகத்தில் எழுத்தராக இருந்த இப்போலித் பயார் 1840 அக்டோபரில் தன்னைத்தானே எடுத்த படம். இடுப்பு வரை வெற்றுடம்பு, கீழே துணி சுற்றியிருக்கிறது. கண் மூடி, உடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறார். சுவரில் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி மாட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு ஜாடி, ஒரு சின்னச் சிலை. படத்தின் பின்பக்கத்தில் அவரே எழுதியது: நீங்கள் பார்ப்பது பயாரின் பிணம், தகேருக்கு (வெள்ளி பூசிய தகட்டில் படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தவர்) அள்ளிக் கொடுத்த அரசு பயாருக்கு எதுவும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டது, பாவப்பட்ட மனிதர் தண்ணீரில் விழுந்து செத்துப்போனார்.

பின்னணி பலருக்கும் தெரிந்திருக்கும். காகிதத்தில் நேரடியாகப் பாசிட்டிவ் படம் எடுக்கும் முறையைப் பயார் தானாகவே கண்டுபிடித்தார். 1839 ஜூன் மாதமே 30 படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். ஆனால் அறிவியல் கழகத்தில் செல்வாக்கோடு இருந்த அரகோ நின்றது தகேர் பக்கம். அந்த ஆகஸ்டில் தகேரின் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அவருக்கு ஆண்டுக்கு 6000 பிராங்க் ஓய்வூதியமும் கிடைத்தது.

புகைப்பட வரலாற்றுப் புத்தகங்கள் இந்தப் படத்தை 'எதிர்ப்பு' என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. பிணம் எப்படித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும்? செத்த ஆளே படத்துக்கு ஏற்பாடு செய்து போஸும் கொடுத்திருக்கிறார்! இதை வெறும் சோகக் கதையாக வாசிப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. சரி, கேள்விக்கு வருகிறேன். அந்தத் தொப்பி அங்கே ஏன்?

வெள்ளியுப்பு:

தொப்பிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கைகளைப் பாருங்கள். மார்பும் தோளும் வெளுத்திருக்கின்றன. முகமும் மணிக்கட்டுக்குக் கீழே கைகளும் கறுத்துக் கிடக்கின்றன. யாரோ கையுறை மாட்டிவிட்டது போல அந்த எல்லை தெளிவாகத் தெரியும்.

காரணம் வேதியியல்தான். பயாரின் முறையில் வெள்ளி குளோரைடு தடவிய காகிதத்தை முதலில் வெளிச்சத்தில் முழுக்கக் கறுக்க விடவேண்டும். பிறகு பொட்டாசியம் அயோடைடு கரைசலில் நனைத்துக் கேமராவுக்குள் வைத்தால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெளுக்கும். இந்த உப்புகளுக்கு நீல ஒளியும் புற ஊதாவும்தான் தெரியும். சிவப்பும் பழுப்பும் கிட்டத்தட்ட இருட்டு. வெயில் பட்டுப் பழுத்த முகமும் கையும் அதனால்தான் கறுப்பாக விழுந்தன. சட்டைக்குள்ளேயே இருந்த உடம்பு வெள்ளையாக விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் இதைக் குறை என்று நினைத்து மறைக்கப் பார்த்திருப்பார்கள். பயார் என்ன செய்தார்? பின்பக்கக் குறிப்பில், முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன, மூக்கைப் பிடிக்கும் முன் நகர்ந்துவிடுங்கள் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்கிறார். தன் முறையின் பலவீனத்தையே பிணம் அழுகியதற்குச் சாட்சி ஆக்கிவிட்டார். அந்தக் குசும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டை போட்டிருந்தால் இது நடக்கவே நடக்காது. வெளுத்த மார்பு தெரிந்தால்தான் கறுத்த கை கண்ணில் படும்.

கண் மூடியிருப்பதும் அப்படித்தான். எக்ஸ்போஷர், அதாவது காகிதத்தில் வெளிச்சம் விழவேண்டிய நேரம், பல நிமிடம் ஓடும். அவ்வளவு நேரம் இமைக்காமல் இருக்க எவராலும் முடியாது. பிணமாக நடிப்பதுதான் அந்தக் கேமராவுக்கு மிகப் பொருத்தமான போஸ்.

தாழ்வாரம்:

இரண்டு பதிவும் நன்றாக இருக்கின்றன. ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு.

ஏமாற்றப்பட்ட ஒருவர் நொந்துபோய் எடுத்த படத்தில் நாம் ஏன் வலிந்து சிரிப்பைத் தேடவேண்டும்? பயார் உண்மையிலேயே காயப்பட்டவர். அதோடு, நிர்வாண சுய உருவப்படங்களில் வரும் வேடிக்கைப் பொருட்கள் மேல் எனக்குப் பொதுவாகவே சந்தேகம். தலையில் பாத்திரம், இடுப்பில் வாழைப்பழம், கையில் ரப்பர் வாத்து. இவை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளத்தான் பயன்படுகின்றன. 'நான் சீரியஸாக எடுக்கவில்லை, நீங்களும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கும் வேலை. உடம்பைக் காட்டவும் வேண்டும், காட்டியதற்குப் பொறுப்பேற்கவும் கூடாது. அதற்கு ஒரு வாத்து!

இத்தனைக்கும் பயார் படம் முழு நிர்வாணம்கூட இல்லை.

கண்ணாடித்தகடு:

தாழ்வாரம், உங்கள் வாத்து பற்றி எனக்கும் அதே எண்ணம்தான். ஆனால் பயாரின் தொப்பி அந்த ரகம் இல்லை. அதற்கு அந்தக் காலத்துப் பாரிஸ் பிணவறையைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பிணவறை பொதுமக்கள் வந்து பார்த்துப் போகும் இடம். ஆற்றிலிருந்து எடுத்த, தெருவில் கிடந்த, பெயர் தெரியாத உடல்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சாய்வான பலகைகளில் கிடத்தியிருப்பார்கள். இடுப்பை மட்டும் மறைத்திருப்பார்கள், மற்றபடி வெற்றுடம்பு. அவர்களுடைய உடைகளை அங்கேயே கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். முகம் உப்பிப்போயிருந்தாலும் சட்டையையோ தொப்பியையோ பார்த்து யாராவது அடையாளம் சொல்வார்கள் அல்லவா, அதற்காக. வேடிக்கை பார்க்கவும் கூட்டம் வரும்.

இப்போது படத்தைத் திரும்பப் பாருங்கள். வெற்றுடம்பு, இடுப்பில் துணி, சாய்ந்த உடல், சுவரில் தொப்பி. பின்பக்கக் குறிப்பில் இன்னொன்றும் சொல்கிறார்: கலைஞர்களும் அறிஞர்களும் செய்தித்தாள்களும் இவரைப் பற்றி நெடுநாள் பேசினார்கள், இப்போது பல நாளாகப் பிணவறையில் கிடக்கிறார், அடையாளம் கண்டு உரிமை கோர ஒருவரும் வரவில்லை. தொப்பியைத் தொங்கவிட்டும் யாருக்கும் ஆளைத் தெரியவில்லை. ஒரு கண்டுபிடிப்பாளரை அங்கீகரிக்க மறுத்த நாட்டை இதைவிடக் கூர்மையாகக் கிண்டல் செய்யமுடியுமா?

இடுப்புத் துணி இருப்பதால் நிர்வாணம் ஆகாது என்கிறீர்கள். பிணவறை வழக்கப்படி அவர் சரியாகத்தான் கிடக்கிறார். துணியைச் சேர்த்ததால்தான் அது பிணவறை ஆயிற்று.

காயப்பட்டவர் என்பதிலும் மறுப்பு இல்லை. காயமும் சிரிப்பும் ஒரே உடம்பில் இருக்கலாம். அவர் அதற்கப்புறம் 47 ஆண்டு வாழ்ந்தார், 1887இல்தான் இறந்தார். 1854இல் தொடங்கிய பிரெஞ்சுப் புகைப்படச் சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். அந்தப் படமும் இப்போது அந்தச் சங்கத்திடம்தான் இருக்கிறது.

மூன்றுகால்:

பொருளே இல்லாமல், உடம்பு மட்டுமே பகடி செய்யும் படங்களையும் கணக்கில் எடுக்கவேண்டும். நான் ஜான் கோப்ளான்ஸ் பக்கம் போகிறேன்.

லண்டனில் 1920இல் பிறந்தவர். அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய ஆர்ட்ஃபோரம் என்ற கலை இதழை நிறுவியவர்களில் ஒருவர், 1970களில் அதன் ஆசிரியர். 60 வயதைத் தாண்டிய பிறகு, 1984இல், தன் நிர்வாண உடம்பைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க ஆரம்பித்தார். தலை ஒருபோதும் வராது. தொங்கும் வயிறு, ரோமம் அடர்ந்த முதுகு, சுருங்கிய விரல் முட்டி. எல்லாம் சுவர் அளவுக்குப் பெரிய அச்சுகள்.

அந்த 1984 முதுகுப் படத்தைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிரேம் முழுக்க முதுகு. தலை இருக்கவேண்டிய இடத்தில் கழுத்துகூட இல்லை. தோளுக்கு மேலே இறுக மூடிய இரண்டு முஷ்டிகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. முதலில் ஒரு பாறை. அடுத்த நொடி அந்த முஷ்டிகள் நத்தையின் கண்கொம்புகள் ஆகிவிடுகின்றன. மறுபடி பார்த்தால் பழைய கிரேக்கச் சிற்பத்தின் உடைந்த துண்டு. காலம்காலமாகச் சிற்பிகள் இளைஞர்களின் உடம்பில் தேடிய வீரத்தை ஒரு கிழவரின் முதுகில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதில் வீரமும் இருக்கிறது, நத்தையும் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு சங்கதி. 1974 நவம்பர் ஆர்ட்ஃபோரமில் சிற்பி லிண்டா பெங்லிஸ் ஒரு விளம்பரம் போட்டார். உடம்பில் எண்ணெய், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் பெரிய செயற்கை ஆண்குறி, வேறு எதுவும் இல்லை. சிற்பி இராபர்ட் மோரிஸ் அதே ஆண்டில் சங்கிலியும் இரும்புத் தலைக்கவசமும் அணிந்து வெற்று மார்போடு சுவரொட்டிக்கு நின்றதற்கு அது எதிர்வினை. ஆண் கலைஞர் மார்பைக் காட்டினால் கம்பீரம், பெண் காட்டினால் என்ன என்று ஒரு பொருளை வைத்தே கேட்டுவிட்டார். இதழின் துணையாசிரியர்கள் ஐந்து பேர் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். அப்போது இதழின் ஆசிரியர் யார்? இதே கோப்ளான்ஸ். பத்து ஆண்டு கழித்து அவரே ஆடை களைந்து கேமரா முன்னால் நின்றார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புயலின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் இவர் என்பதை மனதில் வைத்துப் பார்த்தால் அந்த முதுகு வேறு மாதிரி பேசுகிறது.

சாம்பல்நிறம்:

> அவை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளத்தான் பயன்படுகின்றன.

தாழ்வாரம் அவர்களே, இந்த வரிக்காகவே எழுத வந்தேன். ஜோ ஸ்பென்ஸ் என்ற பிரிட்டிஷ் புகைப்படக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மருத்துவமனையில் ஒரு மருத்துவர் வந்து, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், அகற்றவேண்டிய மார்பின் மேல் மையால் பெருக்கல் குறி போட்டார். மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே ஸ்பென்ஸ், புகைப்படக்காரர் டெரி டென்னட் உதவியோடு ஒரு படம் எடுத்திருந்தார். வெற்று மார்பு. அதன் மேல் பேனாவால் எழுதியிருக்கிறது: 'ஜோ ஸ்பென்ஸின் சொத்து?'

அந்தக் கேள்விக்குறிதான் படமே. பெட்டியின் மேலும் பையின் மேலும் நாம் எழுதும் வாசகம் அது. அதை உடம்பில் எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டார். பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிடும். வந்த சிரிப்பு பாதியிலேயே தொண்டையில் நின்றுவிடும். மருத்துவர் போட்ட குறிக்கு அவர் முன்கூட்டியே போட்டுவைத்த பதில் குறி போல இருக்கிறது அது. ஒளிந்துகொள்ள இதில் எங்கே இடம் இருக்கிறது?

அதே காலத்தில் இருவரும் சேர்ந்து செய்த இன்னொரு வரிசையில் 'காலனியாக்கம்' என்று ஒரு படம் உண்டு. சாதாரண ஆங்கில வீட்டு வாசல். படியில் பால் பாட்டில்கள். மார்பு திறந்து, இடுப்பில் துணி சுற்றி, கையில் துடைப்பத்தோடு ஸ்பென்ஸ் நிற்கிறார். ஐரோப்பியர்கள் தங்கள் காலனிகளுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்த பெண்களை இப்படி நிறுத்தி 'இனவகை மாதிரி' என்று எடுத்தார்களே, அதே நிற்கும் முறை, அதே நேர்ப்பார்வை. அந்தப் பழைய படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பால் பாட்டில் ஓர் அறை. அவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், படம் செத்துவிடும்.

ஆகவே பொருள் இருக்கிறதா இல்லையா என்பது விஷயமே இல்லை. அது யாரை நோக்கி நீள்கிறது என்று பாருங்கள். பயாரின் தொப்பி அமைச்சகத்தை நோக்கி நீள்கிறது. ஸ்பென்ஸின் பேனா மருத்துவமனையை நோக்கி நீள்கிறது. ரப்பர் வாத்து யாரையும் நோக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எரிச்சல் வருகிறது.

தாழ்வாரம்:

ஸ்பென்ஸ் படத்துக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. என் எரிச்சல் வாத்தோடு நிற்கட்டும்.

ஆனால் சிரிப்பு இல்லாத குறியீடு என்ன ஆகும் என்பதற்கு ஓர் எதிர் உதாரணம் தருகிறேன். 1898இல் பாஸ்டனைச் சேர்ந்த புகைப்படக்காரர் ஹாலண்ட் டே, பட்டினி கிடந்து உடம்பை ஒடுக்கி, முடி வளர்த்து, தானே ஏசுவாகச் சிலுவையில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அத்தனை உழைப்பு, அத்தனை பக்தி. இருந்தும் அன்றைக்கே பலரும் முகம் சுளித்தார்கள். குறியீடு கொஞ்சமும் இளகாமல் நின்றால் பார்ப்பவர் தானாகவே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார், தவறான இடத்தில்.

எடுத்தவர் நினைக்காமலே வந்த சிரிப்பும் உண்டு. ஓடும் குதிரையைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்த மைப்ரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்கு இயக்கத் தொகுப்பில் மொத்தம் 781 தகடுகள். அதில் 519ஆம் தகட்டில் நிர்வாணமாக வரும் தாடிக்காரர் மைப்ரிட்ஜ்தான். குறிப்பில் பெயர் இல்லை. மாதிரி எண் 95, முன்னாள் தடகள வீரர், வயது ஏறத்தாழ 60 என்று மட்டும் இருக்கிறது. எடுத்தபோது அவருக்கு 55 வயதுதான்! அறிவியலுக்காகத் தன்னை ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டவர், வயதையும் தாராளமாகக் கூட்டிவிட்டார்.

புதுலென்ஸ்:

பெரியவர்கள் பேசும் இடத்தில் நடைமுறைக் கேள்வி ஒன்று கேட்கலாமா?

எனக்கு உருவப்படம் எடுப்பதுதான் தொழில். நானும் ஒரு நிர்வாண சுய உருவப்படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறேன். தலைக்கு மேல் ஸ்டுடியோ குடை, கழுத்தில் லைட் மீட்டர், முகத்தில் பெரிய சிரிப்பு என்று யோசித்தேன். சாம்பல்நிறம் அக்கா எழுதியதைப் படித்ததும் குடை யாரை நோக்கி நீள்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை.

மனதில் நிஜமாகக் குமைவது வேறு. படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றே: வயிற்றைக் குறையுங்கள், நிறத்தைக் கூட்டுங்கள், கழுத்துச் சுருக்கத்தை எடுங்கள். நானும் மறுக்காமல் செய்துகொடுக்கிறேன். அது என்னை அரிக்கிறது. இதை எப்படிப் படமாக்குவது?

சாம்பல்நிறம்:

தம்பி, படத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கான்டாக்ட் ஷீட்டில் (எடுத்த படங்களெல்லாம் சிறிதாக ஒரே தாளில்) சிவப்புப் பென்சிலால் போடுவோமே, கட்டம், அம்புக்குறி, 'இங்கே குறை', 'இதை அழி'. அவ்வளவையும் உங்கள் தோல் மேலேயே போடுங்கள். குடை வேண்டாம்.

வெள்ளியுப்பு:

நல்ல யோசனை. சில எச்சரிக்கைகள்.

கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சில் தோலில் பிடிக்காது, வியர்த்தால் வழுக்கிவிடும். ஒப்பனைக்கான கண் பென்சிலோ உதட்டுப் பென்சிலோ வாங்கிக்கொள்ளுங்கள். படம் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்பும் தோல் நிறமும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடலாம், குறிகள் காணாமல் போகும். கறுப்பு வெள்ளைதான் வேண்டுமென்றால் கருநீலப் பென்சில் வையுங்கள். முதுகிலும் எழுத்து வேண்டுமென்றால் நம்பிக்கையான ஒருவர் உதவவேண்டும்.

ஃபோகஸுக்கு நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு ஸ்டாண்டை நிறுத்திக் குவித்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டைமருக்கு ஓடி வந்து நின்றால் மூச்சு வாங்குவது வயிற்றில் தெரியும், ரிமோட் நல்லது. கோப்ளான்ஸ் வீடியோ திரையில் தன் நிலையைப் பார்த்துப் பார்த்துத்தான் சரிசெய்தார். இன்று அந்த வேலையைக் கைபேசி செய்துவிடும்.

மூன்றுகால்:

முகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அந்தப் பெரிய சிரிப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

இந்த இழையில் வந்த படங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பயாருக்குக் கண் மூடியிருக்கிறது. கோப்ளான்ஸுக்குத் தலையே இல்லை. பின்லாந்தின் ஈயு சுசிராயாவையும் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளாடையும் சாதாரண உடையுமாக வீட்டில் நின்று, துடைப்பக் கட்டையை மார்புக்கு அடியில் இடுக்கிக்கொண்டு எடுத்தவர் அவர். 2023இல் நியூயார்க்கில் மோமா பிஎஸ்1 அரங்கில் அவருக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அடையாள அட்டைக்கு உட்கார்ந்த முகம். அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நாமன் 1966-67இல் சட்டையில்லாமல், உள்ளங்கைகளைத் தூக்கி, வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சி, 'நீரூற்றாக என் உருவப்படம்' என்று பெயர் வைத்தார். 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் துஷாம்ப் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டியை வைத்து அதற்கு 'நீரூற்று' என்று பெயர் சூட்டியது தெரிந்தவர்களுக்கு அது இரட்டிப்புச் சிரிப்பு. அவரும் சிரிக்கவில்லை. எடுக்கிறவர் முந்திச் சிரித்துவிட்டால் பார்ப்பவருக்குச் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

தலைப்பிலும் கவனம் வையுங்கள். பயாரின் பின்பக்கக் குறிப்பை எடுத்துவிட்டால் அது தூங்கும் மனிதர் படம்தான். நாமனிடம் தலைப்பை எடுத்துவிட்டால் யாரோ தண்ணீர் துப்புகிறார். படத்தில் பாதி, சொல்லில் பாதி என்று பிரித்து வையுங்கள்.

தாழ்வாரம்:

புதுலென்ஸ், தலைப்பாக ரசீது எண்ணும் வாடிக்கையாளர் கேட்ட திருத்தங்களும் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் பெயர். வாத்து வெறுப்பவனாகச் சொல்கிறேன், இந்தப் படத்தை நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.

புதுலென்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. ரசீதையே தலைப்பாக வைக்கிறேன். குடையை நிஜமாகவே விளக்குக்குத் திருப்பி மாட்டிவிட்டேன். வலது தோளில் பழைய தழும்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றி வட்டம் போட்டு 'அழி' என்று எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அந்தத் தழும்பு பிடிக்கும். ஆகவே வட்டம் மட்டும் போட்டு, எழுதாமல் விட்டுவிடுகிறேன். வாரக் கடைசியில் எடுக்கிறேன், கான்டாக்ட் ஷீட் முழுவதையும் இங்கேயே போடுகிறேன். எது சரி என்று நீங்கள் சொல்லுங்கள். முதுகுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.